சாவியைக் கொடுத்துவிட்டால் போதுமா?

உக்கிராணத்துவப் பாடம்



காணிக்கை என்றவுடன் நம் நினைவுக்கு வருவது பணம். ஆனால் பணமாக இல்லாத காணிக்கைகளும் உண்டு. நிலம், நகை, தோட்டத்தின் முதற்பலன் எனப் பொருளாகவே கொடுக்கிறவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் இப்படிக் கொடுக்கப்படும் பொருள்களில் ஒன்று கார். பெரும்பாலும் அவை ஓடி ஓய்ந்த வண்டிகள். அபூர்வமாகச் சில வேளைகளில், சேகரிப்பாளர்கள் போட்டியிட்டு வாங்கும் விலையேறப்பெற்ற வண்டியும் தர்ம ஸ்தாபனங்களுக்கு வருவதுண்டு. பழைய ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார்களில் சில இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவை.

"நம்மிடம் அப்படிப்பட்ட கார் ஏது?" என்று நீங்கள் கேட்கலாம். கார் நம்மிடம் இல்லாவிட்டாலும் பாடம் நமக்கு உண்டு. ஒரு பொருளைக் கொடுக்கிறவருடைய பொறுப்பு எங்கே முடிகிறது? சாவியைக் கையில் கொடுத்தவுடனா? அல்லது அந்தக் காணிக்கை தேவையுள்ளவரிடம் போய்ச் சேர்ந்த பிறகா? இந்த ஒரு கேள்வியைத்தான் இந்தப் பாடத்தில் ஆராயப் போகிறோம்.

1. பழைய கார் எப்படி விலையேறுகிறது?

சாதாரணமாக ஒரு கார் கடையை விட்டு வெளியே வந்த நாள் முதல் அதன் விலை இறங்கிக்கொண்டே போகும். ஒரு சில கார்கள் மட்டும் வெகு காலத்துக்குப் பிறகு விலை ஏறத் தொடங்கும். அதற்குக் காரணங்கள் உண்டு.

முதற்காரணம், எண்ணிக்கைக் குறைவு. டொயோட்டா கம்பெனி யமஹாவோடு சேர்ந்து 1967 முதல் 1970 வரை தயாரித்த 2000 ஜி.டி. என்ற கார் மொத்தம் 351 மட்டுமே. அவற்றில் ஒன்று 2013-ம் ஆண்டு அமெரிக்க ஏலத்தில் 11 லட்சத்து 55 ஆயிரம் டாலருக்கு விலை போயிற்று. 2022-ம் ஆண்டு இன்னொன்று 25 லட்சம் டாலரையும் தாண்டியது. மாஸ்டா கம்பெனியின் காஸ்மோ ஸ்போர்ட் என்ற ரோட்டரி இன்ஜின் காரும் 1967 முதல் 1972 வரை ஏறக்குறைய 1,200 மட்டுமே செய்யப்பட்டது.

இரண்டாவது காரணம், கெடாமல் மிஞ்சியிருப்பது. டாட்சன் 240 இசட் என்ற கார் 1970-ல் அமெரிக்காவில் சுமார் 3,500 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. அது ஏராளமாக விற்ற வண்டி. ஆனால் தரைத்தகட்டிலும் பேட்டரி வைக்கும் இடத்திலும் துரு பிடிப்பது அதன் பெரிய வியாதி. இளைஞர்கள் கைக்குப் போன பல வண்டிகளில் சக்கரங்களையும் இன்ஜினையும் மாற்றிவிட்டார்கள். ஆகவே துரு இல்லாமலும் மாற்றம் இல்லாமலும் இருக்கிற வண்டி அருமையாகிவிட்டது. அப்படிப்பட்ட வண்டி ஒன்று 2020-ல் 3 லட்சத்து 10 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது.

மூன்றாவது காரணம், சட்டம். அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளின்படி கட்டப்படாத கார்கள், செய்யப்பட்டு 25 வருடங்கள் ஆகும்வரை பொதுவாக அந்த நாட்டுக்குள் இறக்குமதியாக முடியாது. அதனால் 1989-ல் வெளிவந்த நிஸ்ஸான் ஸ்கைலைன் ஜி.டி.ஆர். வண்டிகளுக்கு 2014-லும், 1999-ல் வெளிவந்த அதன் பிந்திய மாடலுக்கு 2024-லும்தான் இந்தக் கதவு திறந்தது. காத்திருந்தவர்கள் பலர், வண்டிகளோ கொஞ்சம். விலை ஏறாமல் என்ன செய்யும்?

2. ஏல மேடையில் இரண்டு கார்கள்

அரிசோனா மாநிலத்தின் ஸ்காட்ஸ்டேல் நகரில் ஆண்டுதோறும் ஜனவரி மாதத்தில் பாரெட்-ஜாக்சன் என்ற பெரிய கார் ஏலம் நடக்கிறது. 2016-ம் ஆண்டு ஹோண்டாவின் அக்யூரா பிரிவு, தன் புதிய என்.எஸ்.எக்ஸ். ஸ்போர்ட்ஸ் காரின் முதல் வண்டியை அங்கே தர்மத்துக்காகக் கொடுத்தது. கடையில் ஒன்றரை லட்சம் டாலருக்குச் சற்று அதிகமாக விலை சொல்லப்பட்ட அந்தக் காரை, ரிக் ஹென்ட்ரிக் என்ற பந்தய அணி உரிமையாளர் 12 லட்சம் டாலருக்கு எடுத்தார். அந்தப் பணம், குழந்தைகளின் மூளைக்கட்டி நோய்க்காக உழைக்கும் ஒரு ஸ்தாபனத்துக்கும் சிறுவர் முகாம் ஒன்றுக்கும் சேர்ந்தது.

2019 ஜனவரியில் டொயோட்டா கம்பெனி புதிய சுப்ரா மாடலின் முதல் வண்டியைக் கொடுத்தது. அதன் ஆரம்ப விலை சுமார் 50,000 டாலர். ஏலத்தில் அது 21 லட்சம் டாலர் கொண்டுவந்தது. அமெரிக்க இருதய சங்கமும், காயப்பட்ட போர்வீரர்களுக்கு உதவும் பாப் உட்ரஃப் பவுண்டேஷனும் அதனால் பயனடைந்தன.

இவை பழைய கார்கள் அல்ல, முதல் எண் பொறித்த புதிய கார்கள். ஆனாலும் இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 50,000 டாலர் வண்டிக்கு 21 லட்சம் கொடுத்தவர் ஏமாந்துபோகவில்லை. அவர் கார் வாங்கினார். அதோடு காணிக்கையும் கொடுத்தார். அமெரிக்க வரிச்சட்டமும் இதை இப்படியே பார்க்கிறது. தர்ம ஏலத்தில் ஒரு பொருளை வாங்குகிறவர், அதன் நியாயமான விலைக்கு மேலாகக் கொடுத்த தொகையை மட்டுமே தர்மமாகக் காட்ட முடியும். பொருளின் விலை வேறு, காணிக்கை வேறு. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

3. 2,400 டாலர் எப்படி 31 டாலர் ஆயிற்று?

ஏல மேடையின் விளக்கொளி எல்லா வண்டிக்கும் கிடைப்பதில்லை. அமெரிக்க நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அலுவலகம் 2003-ம் ஆண்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. தர்மமாகக் கொடுக்கப்பட்ட 54 வண்டிகளின் கணக்கை அது தனித்தனியாகத் தொடர்ந்து பார்த்தது. கொடுத்தவர் வரிக்கணக்கில் காட்டிய மதிப்பு ஒரு பக்கம், ஸ்தாபனத்தின் கைக்கு வந்த பணம் மறுபக்கம். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வண்டிகளில், காட்டிய மதிப்பில் நூற்றுக்கு 5 டாலரோ அதற்கும் குறைவோதான் ஸ்தாபனத்துக்குச் சேர்ந்திருந்தது.

அந்த அறிக்கையில் 1983-ம் ஆண்டு பிக்கப் வண்டி ஒன்றின் கதை இருக்கிறது. வரிக்கணக்கில் அதற்குக் காட்டிய மதிப்பு 2,400 டாலர். ஏலத்தில் அது விற்றது 375 டாலருக்கு. விளம்பரச் செலவும் இடையில் நின்று விற்றுக்கொடுத்தவரின் பங்கும் போக, ஸ்தாபனத்துக்குக் கிடைத்தது 31 டாலர் 50 சென்ட்.

அந்த மனிதர் பொய் சொன்னார் என்று நாம் தீர்ப்புச் சொல்லவில்லை. அந்தக் காலத்துச் சட்டப்படி, விலைப்புத்தகத்தைப் பார்த்து ஒரு மதிப்பைக் குறிப்பது வழக்கம். அவரும் 2,400 டாலர் கொடுத்துவிட்டதாக நினைத்து நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம். வேதனையான காரியம் இதுதான்: கொடுத்தவர் ஒரு தொகையை நினைத்தார், நோயாளிக்கோ ஏழைக்கோ போய்ச் சேர்ந்தது வேறொரு தொகை. நடுவில் விழுந்த பள்ளம் யாருடைய கண்ணிலும் படவில்லை.

4. சட்டம் மாறியது

இதன் பிறகு அமெரிக்க அரசு சட்டத்தைத் திருத்தியது. 2005 ஜனவரி 1 முதல், 500 டாலருக்கு மேல் மதிப்புக் கோரப்படும் வண்டியை ஸ்தாபனம் அப்படியே விற்றுவிட்டால், அது விற்ற விலைக்கு மேல் கொடுத்தவர் வரிச்சலுகை கேட்க முடியாது. விற்ற 30 நாட்களுக்குள், என்ன விலைக்கு விற்றது என்பதை ஸ்தாபனம் அவருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.

சில விதிவிலக்குகள் உண்டு. முதியோருக்கு உணவு கொண்டுபோவது போன்ற தன் சொந்த வேலைக்கு ஸ்தாபனம் அந்த வண்டியை உண்மையாகவே உபயோகித்தாலும், பெரிய அளவில் பழுதுபார்த்து அதன் மதிப்பை உயர்த்தினாலும், ஏழை ஒருவருக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த விலைக்கோ கொடுத்தாலும் சந்தை மதிப்பைக் காட்டலாம். அந்த மதிப்பு 5,000 டாலருக்கு மேற்பட்டால் தகுதியுள்ள மதிப்பீட்டாளரின் சான்று வேண்டும்.

விலை ஏறிய கார்களைக் கொடுக்கிறவர்கள் இன்னொரு விதியையும் அறிந்திருக்க வேண்டும். குறைந்த விலைக்கு வாங்கி, பிற்பாடு பலமடங்கு உயர்ந்த பொருளை ஸ்தாபனம் விற்றுப் பணமாக்கினால், கொடுத்தவருக்குக் கிடைக்கும் சலுகை பொதுவாக அவர் வாங்கிய விலையைத் தாண்டாது. கார் மியூசியம் ஒன்று அதைக் காட்சிக்கு வைத்துப் பாதுகாத்தால் நிலைமை வேறு. அங்கேயும், மூன்று வருடத்துக்குள் விற்றால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். ஆகவே வரிச்சலுகையை மட்டும் நினைத்து அபூர்வமான காரைக் கொடுக்க வருகிறவர் ஏமாற்றமடையக்கூடும். மனதார ஈகிறவருக்குத்தான் அந்த வழி.

5. கார் ஷெட்டில் நிற்கும் வண்டி

இப்போது ஒருவரை மனக்கண்ணால் பார்ப்போம். இவர் உதாரணத்துக்காக நாங்கள் சொல்லும் மனிதர். 1972-ல் வாலிபராக, முதல் சம்பாத்தியத்தைச் சேர்த்துவைத்து ஒரு டாட்சன் 240 இசட் வாங்கினார். மணமான புதிதில் மனைவியை அதில்தான் அழைத்துப் போனார். பிள்ளைகள் பிறந்தபோது இரண்டே சீட் உள்ள அந்த வண்டி குடும்பத்துக்குப் போதவில்லை. விற்கவும் மனம் வரவில்லை. ஷெட்டில் துணி போர்த்தி வைத்தார். இப்போது மனைவி இல்லை. அவருக்கும் கால் மூட்டு கிளட்சை மிதிக்க இடம் கொடுப்பதில்லை. பிள்ளைகளுக்குக் கியர் வண்டி ஓட்டத் தெரியாது. மனைவியின் கடைசி நாட்களில் அன்பாய்க் கவனித்த ஒரு தர்ம ஸ்தாபனத்துக்கு அதைக் கொடுத்துவிட வேண்டும் என்று தீர்மானிக்கிறார்.

அவர் முன்னே மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி மிகச் சுலபம். விளம்பரத்தில் பார்த்த எண்ணுக்குப் போன் செய்கிறார். மறுநாள் இழுவை வண்டி வருகிறது. பேட்டரி செத்து, டயர்கள் அமுங்கி, தூசி படிந்த நிலையில் கார் மொத்த வியாபாரிகளின் ஏல மைதானத்துக்குப் போகிறது. அங்கே நூற்றுக்கணக்கான பழைய வண்டிகளுக்கு நடுவே அதுவும் ஒன்று. இன்ஜினை யாரும் ஓட்டிப் பார்ப்பதில்லை. அதன் அருமையை அறிந்த ஒரு வியாபாரி இருந்தாலும் அவர் வாய் திறப்பாரா? கணக்குக்காக, அது 5,000 டாலருக்குப் போயிற்று என்றும், பாதி இடைத்தரகருக்குப் போய் 2,500 ஸ்தாபனத்துக்கு வந்தது என்றும் வைத்துக்கொள்வோம்.

இரண்டாவது வழியில் அவர் இரண்டு மாதம் பிரயாசப்படுகிறார். பத்திரங்களைத் தேடி எடுக்கிறார். பழைய கார்களை அறிந்த ஒரு மதிப்பீட்டாளரை அழைக்கிறார். ஸ்தாபனத்தாரோடு உட்கார்ந்து பேசி, சேகரிப்பாளர்கள் வரும் ஏலத்துக்கு அதை அனுப்பச் செய்கிறார். செலவு போக 40,000 டாலர் வந்தது என்று வைத்துக்கொள்வோம்.

மூன்றாவது வழி, தாமே விற்று, பணத்தைக் கொடுப்பது. லாபத்துக்கு வரி கட்ட வேண்டியிருக்கலாம். ஆனாலும் பழைய கார்களை விற்று அனுபவமில்லாத சிறிய ஸ்தாபனத்துக்கு இதுவே மேலான உதவியாக இருக்கக்கூடும். எது நல்லது என்பதை வரி ஆலோசகரோடும் ஸ்தாபனத்தோடும் முன்னதாகப் பேசித்தான் அறிய முடியும்.

முதல் வழிக்கும் இரண்டாவது வழிக்கும் இடையே நம் கணக்கில் 37,500 டாலர் வித்தியாசம். அதை யாரும் திருடவில்லை. அலட்சியம் அதைக் கொண்டுபோய்விட்டது. கொடுத்தவருடைய இருதயம் இரண்டு வழியிலும் ஒன்றுதான். கார் ஒன்றுதான். ஆனால் படுக்கையிலிருக்கும் அடுத்த நோயாளிக்குச் சேர்ந்தது ஒன்றல்ல.

6. கொடுக்கிறவர் செய்ய வேண்டியவை

(அ) உரிமைப் பத்திரம் தம் பெயரில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த வண்டியானால் இறக்குமதிக் காகிதங்கள் சட்டப்படி சரியாக இருக்க வேண்டும். முறைதவறி வந்த வண்டியை அரசு பறிமுதல் செய்யலாம். அப்படிப்பட்டதைக் கொடுப்பது உதவியாகாது, பாரமாகிவிடும்.

(ஆ) சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் தொடக்கத்தில் இருந்தவைதானா என்று சரிபார்க்க வேண்டும். 240 இசட் வண்டியில் இன்ஜின் அறையிலுள்ள தகட்டில் இரண்டு எண்களும் பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டும் பொருந்தினால் மதிப்பு உயரும்.

(இ) அழகுபடுத்துவதாக நினைத்துப் புதுப் பெயின்ட் அடிக்கக் கூடாது. மங்கிப்போன ஒரிஜினல் பெயின்டை விரும்புகிற சேகரிப்பாளர்கள் பலர்.

(ஈ) கழற்றி வைத்த பழைய சக்கரம், ரேடியோ, கருவிப்பை, சர்வீஸ் ரசீதுகள், பழைய புகைப்படங்கள் எல்லாவற்றையும் வண்டியோடு கொடுக்க வேண்டும். குப்பை என்று நாம் நினைக்கும் காகிதம் அந்த வண்டியின் சரித்திரம்.

(உ) துருவையும் குறைகளையும் மறைக்காமல் எழுதிக் கொடுக்க வேண்டும்.

(ஊ) பெயர் மாற்றத்தைப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் பிற்பாடு வரும் அபராதச் சீட்டு பழைய சொந்தக்காரரைத் தேடி வரக்கூடும்.

7. பெற்றுக்கொள்கிறவருக்கும் பொறுப்பு உண்டு

காணிக்கையைப் பெறுகிறவர்களும் உக்கிராணக்காரரே. விலையேறப்பெற்ற வண்டியை வாங்கி மழையில் நிறுத்துவது, இன்ஷூரன்ஸ் இல்லாமல் வைப்பது, அவசரத்தில் வந்த விலைக்குத் தள்ளிவிடுவது ஆகியவை கொடுத்தவரை அவமதிப்பதாகும். விற்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் கேட்க வேண்டும். ஏலத்தில் ஒரு குறைந்தபட்ச விலையை முன்னதாகக் குறித்துக் கொடுக்க வேண்டும். ஏல நிறுவனம் தன் கமிஷனைத் தர்மத்துக்காக விட்டுக்கொடுக்குமா என்று கேட்கவும் வெட்கப்படக் கூடாது. பராமரிக்க முடியாத பொருளானால், "எங்களால் இதை ஏற்றுக்கொள்ள இயலாது" என்று அன்போடு சொல்லும் தைரியமும் வேண்டும். கடைசியில், என்ன விலை வந்தது, எவ்வளவு செலவு போயிற்று, எவ்வளவு சேர்ந்தது என்பதைக் கொடுத்தவருக்கு ஒளிவுமறைவின்றித் தெரிவிக்க வேண்டும்.

8. வேதம் காட்டும் மூன்று பேர்

தாவீது ராஜா அர்வனாவின் களத்துக்குப் போனபோது, களமும் மாடுகளும் விறகும் அவனுக்கு இலவசமாகவே கிடைத்திருக்கும். அவனோ ஐம்பது வெள்ளிச் சேக்கல் கொடுத்து வாங்கிய பிறகே பலியிட்டான் (2 சாமுவேல் 24). தனக்குச் செலவில்லாத காணிக்கையை அவன் விரும்பவில்லை. செலவு என்பது பணம் மட்டுமா? நேரமும் பிரயாசமும் செலவுதான்.

சீப்புரு தீவானாகிய பர்னபாவுக்கு ஒரு நிலம் இருந்தது (அப்போஸ்தலர் 4). அவன் நிலத்தை அப்போஸ்தலரிடம் ஒப்படைத்து, நீங்களே விற்றுக்கொள்ளுங்கள் என்று போய்விடவில்லை. விற்கும் வேலையைத் தானே செய்து, கிரயத்தைக் கொண்டுவந்து வைத்தான். ஜெபத்துக்கும் ஊழியத்துக்கும் தங்களை ஒப்புக்கொடுத்தவர்களை நிலத்தரகர்களாக்கவில்லை. எவ்வளவு பெரிய கரிசனை!

அடுத்த அதிகாரத்திலே அனனியா வருகிறான். அவனும் நிலத்தை விற்றான், பணமும் கொண்டுவந்தான். நிலமும் கிரயமும் அவனுடைய வசத்திலேயே இருந்தன. பாதியைக் கொடுத்து, பாதி என்று சொல்லியிருந்தால் குற்றமில்லை. கொடுத்ததைவிட அதிகம் கொடுத்ததாகக் காட்டியதே அவனுடைய பாவம். மதிப்பை எழுதும் ஒவ்வொரு பாரத்தின்மேலும் இந்தச் சம்பவம் நிழலாடுகிறது. 31 டாலர் சேர்ந்த இடத்தில் 31 என்று சொல்வதற்கு உண்மை வேண்டும். அது 31-ஆகக் குறைந்துபோகாமல் பார்த்துக்கொள்வதற்கு அன்பு வேண்டும்.

பிரியமானவர்களே, அந்த முதியவருடைய ஷெட் ஒருநாள் காலியாகும். வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க்கறை மட்டும் மிஞ்சும். சில வாரம் கழித்து ஸ்தாபனத்திலிருந்து ஒரு கடிதம் வரும். அதில் எழுதியிருக்கும் தொகை, அந்தக் கார் அவருக்கு எவ்வளவு அருமையாயிருந்ததோ அதற்குக் கொஞ்சமாவது ஈடாக இருக்குமானால், அவர் ஆறுதலோடு அந்தக் கதவைச் சாத்தலாம். சாவியைக் கொடுப்பது காணிக்கையின் ஆரம்பம். அது போய்ச் சேரும்வரை கூடவே நடப்பதுதான் அதன் நிறைவு.

சிந்திக்கவும் கலந்து பேசவும்

1. நாம் உபயோகிக்காமல் வைத்திருக்கும் பொருள்களில், மற்றவருக்குப் பயன்படக்கூடியது எது? அதன் உண்மையான மதிப்பை அறிந்திருக்கிறோமா?

2. கடைசியாக நாம் கொடுத்த பொருள் என்னவாயிற்று என்று விசாரித்ததுண்டா?

3. கொடுப்பதில் சுலபமான வழியையும் பயனுள்ள வழியையும் எப்படிப் பகுத்தறிவது?

4. பர்னபாவும் அனனியாவும் ஒரே செயலைச் செய்தார்கள். அவர்களைப் பிரித்துக் காட்டியது எது?

உங்கள் அன்புள்ள,
ஆசிரியர் குழுவினர்